அந்தச் சிவப்புப் புள்ளி என்ன ஆயிற்று?

வாசகர் கேள்வி – பதில்

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு வந்த கடிதங்கள் ஒரு பைல் நிறையச் சேர்ந்துவிட்டன. எனவே இந்த முறை முழுக்க முழுக்கத் தொலைதூர கேலக்ஸிகள்தான். முதலில் என்னைக் கூண்டில் ஏற்றிய கடிதம்.

கேள்வி: 2022 ஆகஸ்டில் இதே பகுதியில், "பெருவெடிப்புக்குப் பின் 23.5 கோடி ஆண்டுகளிலேயே உருவான கேலக்ஸியை வெப் கண்டுபிடித்துவிட்டது" என்று அரைப் பக்கம் எழுதினீர்கள். ஒரு சின்னச் சிவப்புப் புள்ளியின் படமும் இருந்தது. அதை வெட்டி வைத்திருக்கிறேன். அப்புறம் அதைப் பற்றி மூச்சே காணோமே? (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்)

மாட்டிக்கொண்டேன். அந்தப் புள்ளி பொய்த்துவிட்டது. நீங்கள் கேட்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அதன் பெயர் சியர்ஸ்-93316. வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் 2022 ஜூலையில் வெளிவந்தன. அடுத்த சில வாரங்களில் "இதுதான் மிகத் தொலைவு", "இல்லை, இதுதான்" என்று போட்டி போட்டுக்கொண்டு ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. அந்த வேகத்தில் வந்ததுதான் இந்தப் புள்ளியும். அதை அவ்வளவு தொலைவில் வைத்தது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு கேலக்ஸி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கும் மங்கலான ஒன்றும் தூரத்தில் இருக்கும் பிரகாசமான ஒன்றும் ஒரே மாதிரி புள்ளியாகத்தான் விழும். ஆனால் இயற்கை ஒரு அடையாளம் வைத்திருக்கிறது. ஆரம்பகாலப் பிரபஞ்சம் முழுக்க ஹைட்ரஜன் வாயு பரவியிருந்தது. 121.6 நானோமீட்டரைவிடக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை அது விழுங்கிவிடும். அதற்கு மேலே உள்ளதை விட்டுவிடும். ஆக, கேலக்ஸியின் ஒளியில் ஓர் இடத்தில் கத்தியால் வெட்டியது போல ஒரு விளிம்பு இருக்கும். பிரபஞ்சம் விரிய விரிய, வழியில் வரும் ஒளியின் அலைநீளமும் இழுபட்டு நீள்கிறது. இதைச் செம்பெயர்ச்சி என்கிறோம். அந்த வெட்டு விளிம்பும் சேர்ந்து நகர்ந்து, அகச்சிவப்புப் பகுதிக்கு வந்துவிடும். எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும்.

வெப் கேமராவில் பல ஃபில்டர்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அலைநீளப் பட்டையை மட்டும் உள்ளே விடும். இந்தப் புள்ளி 2 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது 1,000 நானோமீட்டர்) குறைந்த ஃபில்டர்களில் தெரியவே இல்லை. அதற்கு மேல் பளிச்சென்று தெரிந்தது. "சரி, விளிம்பு 2 மைக்ரானை ஒட்டி இருக்கிறது, அப்படியென்றால் பெருவெடிப்புக்கு 23.5 கோடி ஆண்டுக்குப் பின்" என்று கணக்குப் போட்டார்கள். கணக்கில் தப்பில்லை. அந்த விளிம்பு நிஜமான விளிம்புதானா என்பதுதான் கேள்வி.

2023இல் அதன் நிறமாலையை எடுத்தார்கள். அதாவது வெளிச்சத்தை நூல் நூலாகப் பிரித்துப் பார்த்தார்கள். அதற்கென்று வெப்பில் உள்ள கருவியில் 0.1 மில்லிமீட்டர் அகலமும் 0.2 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட குட்டிக் கதவுகள் சுமார் இரண்டரை லட்சம் இருக்கின்றன. வேண்டிய கேலக்ஸிக்கு நேராக உள்ள கதவை மட்டும் திறந்து, மற்றதை மூடிவிடலாம். இந்தப் புள்ளிக்குக் கதவைத் திறந்ததும் குட்டு வெளிப்பட்டது. அது பெருவெடிப்புக்கு 120 கோடி ஆண்டுகளுக்குப் பின் இருந்த, தூசு மண்டிய ஒரு கேலக்ஸி. தூசு அதன் நீல ஒளியைத் தின்றுவிட்டது. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் தம் வழக்கமான அலைநீளங்களில் மிகப் பலமாக ஒளிர்ந்து, சொல்லிவைத்தது போல அந்த நீண்ட அலை ஃபில்டர்களுக்குள்ளேயே வந்து விழுந்திருந்தன. வேஷம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே முயற்சியில் நிறமாலை எடுக்கப்பட்ட இன்னொரு புள்ளி தேறிவிட்டது. ஆய்வுக் குழுவின் தலைவர் தன் மகளின் பெயரை அதற்குச் செல்லப்பெயராக வைத்திருந்தார். அது பெருவெடிப்புக்கு 39 கோடி ஆண்டுகளுக்குப் பின் இருந்தது உறுதியானது. இரண்டுமே படத்தில் பார்க்கச் சிவப்புப் புள்ளிகள்தான்.

என் குற்றத்துக்கு இதில் கூடுதல் எடை உண்டு. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் 31 வருஷம், ஒளியைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு குப்பை கொட்டியவள் நான். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி 589.0, 589.6 என்று இரண்டு கோடுகளாகப் பிரியும். நிறைய மாணவர்கள் இரண்டாவது கோட்டைப் பார்க்காமலேயே, விடை தெரியும் என்பதால், வெர்னியர் அளவை எழுதி நீட்டுவார்கள். "கோட்டைப் பார்த்தியா?" என்று கேட்டால் விழிப்பார்கள். 2022 ஆகஸ்டில் நானும் அதையேதான் செய்தேன். கோட்டைப் பார்க்காமல் எழுதிவிட்டேன். அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஐயா. பின்பக்கம் "120 கோடி" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெப் படங்களில் ஆறு கூர் நீட்டிக்கொண்டு பெரிதாக மின்னுபவைதானே மிகப் பிரகாசமான கேலக்ஸிகள்? (பள்ளி மாணவர்)

இல்லை தம்பி. கூர் நீட்டுபவை பெரும்பாலும் நம் சொந்த கேலக்ஸியில் உள்ள சாதாரண நட்சத்திரங்கள். படத்தின் குறுக்கே வந்து நிற்கின்றன, அவ்வளவுதான். வெப் ஆடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. கூர்கள் அந்த வடிவத்தால் வருபவை. உற்றுப் பார்த்தால் படுக்கைவாட்டில் இரண்டு சின்னக் கூர்களும் தெரியும், அவை முன்னால் இருக்கும் தாங்குகம்பிகளின் உபயம். நீ தேட வேண்டியது கூர் இல்லாத, மங்கிய, அழுக்குச் சிவப்பில் இருக்கும் துணுக்குகளை. அந்தச் சிவப்பும் நாம் பூசியது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் நீளமான அலைக்குச் சிவப்பு, குட்டையான அலைக்கு நீலம் என்று கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: சரி, இப்போதைக்கு உறுதியான சாதனை எதனிடம் இருக்கிறது? (கல்லூரி மாணவி)

நிறமாலை எடுத்து உறுதி செய்தவற்றை மட்டும் சொல்கிறேன். சூடு கண்ட பூனை.

2024 மே மாதம் அறிவிக்கப்பட்டது ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0. பெயர் வாயில் நுழையாது, ஆனால் என் மனசுக்குப் பிடித்தது இதுதான். ஃபோர்னாக்ஸ் விண்மீன் குழுவின் திசையில், வெப்புக்கு முந்தைய விண்வெளித் தொலைநோக்கியான ஹபிள் பல ஆண்டுகள் உற்றுப் பார்த்த ஒரு பகுதியில் இருக்கிறது. ஹபிள் ஏன் பார்க்கவில்லை? ஹபிளின் பார்வை 1.7 மைக்ரானோடு முடிந்துவிடுகிறது. இந்த கேலக்ஸியின் வெட்டு விளிம்போ 1.85 மைக்ரானில் இருக்கிறது. ஹபிள் இன்னும் நூறு வருஷம் பார்த்தாலும் அங்கே இருட்டுதான்.

கண்டுபிடித்தவர்களே இதை முதலில் நம்பவில்லை. வானத்தில் இதை ஒட்டினாற்போல, நமக்கு மிகவும் அருகிலுள்ள இன்னொரு கேலக்ஸி இருக்கிறது. இது அதன் வால் துண்டாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். அவ்வளவு தொலைவுக்கு இந்தப் பிரகாசம் ரொம்ப அதிகம் என்பது இன்னொரு சந்தேகம். 2024 ஜனவரியில் ஏறக்குறைய பத்து மணி நேரம் நிறமாலை எடுத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். பெருவெடிப்புக்குப் பின் சுமார் 29 கோடி ஆண்டுகள் என்று கணக்கு வந்தது. குறுக்களவு 1,600 ஒளியாண்டுகளுக்கு மேல். நம் பால்வீதியோடு ஒப்பிட்டால் குழந்தை. ஆனால் அந்த வயதுக்கு, சில பத்துக்கோடிச் சூரியன்களின் எடைக்கு நட்சத்திரங்களைச் சேர்த்து வைத்திருந்தது பெரிய சொத்து.

கதை அதோடு முடியவில்லை. சிலி நாட்டில் 5,000 மீட்டர் உயரத்துப் பீடபூமியில் 66 ஆண்டெனாக்களோடு அல்மா என்ற தொலைநோக்கி இருக்கிறது. அதை இந்த கேலக்ஸியின் பக்கம் திருப்பினார்கள். 2025 மார்ச்சில் தனித்தனியாக இரண்டு குழுக்கள் ஒரே செய்தியைச் சொன்னன: அங்கே ஆக்சிஜன் இருக்கிறது. ஆக்சிஜன் தானே வெளியிடும் 88 மைக்ரான் அலை, வழியில் 15 மடங்கு நீண்டு, 1.34 மில்லிமீட்டராக வந்து சேர்ந்திருக்கிறது. கோடு அவ்வளவு துல்லியமாக இருந்ததால் தூரக் கணக்கும் கொஞ்சம் திருந்தி, 29 கோடி என்பது ஏறக்குறைய 30 கோடி ஆண்டாக ஆனது.

இந்த ஆக்சிஜனில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பெருவெடிப்பு நமக்குக் கொடுத்தது ஹைட்ரஜன், ஹீலியம், கூடவே கொஞ்சூண்டு லித்தியம். ஆக்சிஜன் வேண்டுமென்றால் ஒரு பெரிய நட்சத்திரம் பிறந்து, தன் வயிற்றுக்குள் அதைச் சமைத்து, வெடித்துச் செத்துப்போக வேண்டும். ஆக, 30 கோடி ஆண்டுகளுக்குள் அங்கே ஏற்கெனவே ஒரு தலைமுறை வாழ்ந்து முடிந்திருக்கிறது. ஆரம்பத்தைப் பார்க்கலாம் என்று போனால், அங்கே பாட்டனார் காலத்துப் பொருளெல்லாம் கிடக்கிறது.

இதையும் தாண்டி 2025 மே மாதம் மாம்-இசட்14 என்ற கேலக்ஸியை நிறமாலையோடு அறிவித்தார்கள். பெருவெடிப்புக்கு 28 கோடி ஆண்டுகளுக்குப் பின். அதில் நைட்ரஜன் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். நீங்கள் இதைப் படிக்கும்போது இந்தப் பட்டமும் கை மாறியிருந்தால் என் மேல் கோபப்பட வேண்டாம்.

கேள்வி: பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்கிறீர்கள். ஜிஎன்-இசட்11 என்ற கேலக்ஸி 3,200 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது என்றும் படித்தேன். ஒளிக்கு அவ்வளவு தூரம் வர நேரமே இல்லையே! யாரோ கணக்கில் கோட்டை விட்டிருக்கிறார்கள். (தணிக்கையாளர்)

தணிக்கையாளர் கேட்டால் வவுச்சரோடுதான் பதில் சொல்ல வேண்டும். இங்கே மூன்று தூரங்கள் இருக்கின்றன. பத்திரிகைகள் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன.

ஜிஎன்-இசட்11-இலிருந்து அந்த ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்தின் வயது சுமார் 43 கோடி ஆண்டுகள். அந்த நேரத்தில் அது நம் இடத்திலிருந்து ஏறக்குறைய 270 கோடி ஒளியாண்டு தூரத்தில்தான் இருந்தது. இது முதல் தூரம். ஒளி நம்மை வந்தடைய எடுத்துக்கொண்ட காலம் 1,340 கோடி ஆண்டுகள். அதையே ஒளியாண்டாக எழுதினால் இரண்டாவது தூரம். இதற்குள் அந்த கேலக்ஸி விரிவோடு விரிவாக விலகிப்போய், இன்றைக்கு 3,200 கோடி ஒளியாண்டில் இருக்கிறது. இது மூன்றாவது. இந்த மூன்றாவது தூரத்தை எந்த ஒளியும் நடந்து கடக்கவில்லை.

270 கோடி தூரத்துக்கு 1,340 கோடி ஆண்டு எதற்கு? எதிர்நீச்சல்தான் காரணம். அந்தக் காலத்தில் விரிவு படுவேகம். ஒளி நம்மை நோக்கித்தான் கிளம்பியது, ஆனால் அதற்கும் நமக்கும் நடுவில் இருந்த வெளி அதைவிட வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. வெள்ளத்துக்கு எதிராகத் துடுப்புப் போடும் படகு முதலில் பின்னால் அடித்துக்கொண்டு போகிற மாதிரி, நம் பக்கம் பார்த்தபடியே அது நம்மைவிட்டு விலகிக்கொண்டிருந்தது. அப்புறம் விரிவின் வேகம் தணிந்தது. வெள்ளம் வடிய வடியப் படகு முன்னேறி, கடைசியில் வெப்பின் ஆடியில் வந்து இறங்கியது. ஒளியைவிட வேகமாக எதுவும் போகக் கூடாது என்ற விதி எங்கே போயிற்று என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். வெளிக்குள் ஓடும் பொருளுக்குத்தான் அந்த விதி. அந்த வெளி தானே விரிவதற்கு இல்லை.

இன்னொரு விநோதமும் இந்தக் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. ஒரு பொருள் நம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது முதல் தூரம், அதாவது ஒளி கிளம்பியபோது இருந்த 270 கோடி. எனவே ஓர் எல்லையைத் தாண்டினால், தொலைவு கூடக் கூட கேலக்ஸிகள் சிறிதாவதற்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கும். மங்கல் மட்டும் பயங்கரமாகக் கூடிக்கொண்டே போகும். இதை முதன்முதலில் படித்த அன்று நான் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

கேள்வி: நாம் பார்க்கும் அந்த கேலக்ஸிகள் இப்போதும் இருக்கின்றனவா? (இல்லத்தரசி)

அந்த வடிவில் இருக்க வாய்ப்பில்லை. 1,300 கோடி ஆண்டு என்பது ஒரு கேலக்ஸிக்கே நீண்ட வாழ்க்கை. பக்கத்து வீட்டுக்காரர்களோடு மோதிச் சேர்ந்து, பெரிய நீள்வட்ட கேலக்ஸியாக ஆகியிருக்கலாம். அங்கே இன்றைக்கு யாராவது இருந்து நம் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பினால், அவர்களுக்குச் சூரியன் தெரியாது, பூமி தெரியாது. பால்வீதியின் முன்னோர்களான சில அழுக்குச் சிவப்புத் துணுக்குகள் தெரியும். அவர்களுடைய பத்திரிகையில் யாராவது அவசரப்பட்டு அரைப் பக்கம் எழுதியிருக்கவும் கூடும்.

கேள்வி: வெப் தொலைநோக்கி பெருவெடிப்புக் கொள்கையையே பொய்யாக்கிவிட்டது, பிரபஞ்சத்தின் வயது உண்மையில் 2,670 கோடி ஆண்டுகள் என்று என் மைத்துனர் சாதிக்கிறார். (பெயர் வேண்டாம் என்கிறார்)

மைத்துனர் இதை ஒன்றும் கற்பனையில் பிடிக்கவில்லை. 2023இல் இரண்டு கட்டுரைகள் வந்தன. பிப்ரவரியில் வந்தது, பெருவெடிப்புக்குப் பின் 50 முதல் 70 கோடி ஆண்டுகளில் இருந்த ஆறு கேலக்ஸிகள் அந்த வயதுக்கு நம்ப முடியாத அளவு கனமாக இருப்பதாகச் சொன்னது. மூணு வயசுக் குழந்தைக்கு மீசை முளைத்த மாதிரி. ஜூலையில் வந்தது, அப்படியானால் பிரபஞ்சத்தின் வயதையே இரண்டு மடங்காக்கிவிடலாம் என்றது. ஒளி வரும் வழியில் களைத்துப்போய்ச் சக்தி இழக்கிறது என்ற, 1929இலேயே முன்வைக்கப்பட்ட ஒரு யோசனையைத் தூசி தட்டிச் சேர்த்துக்கொண்டது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன், எனக்கு அதில் பொறுமை குறைவு. ஒளி களைப்பதுதான் செம்பெயர்ச்சிக்குக் காரணம் என்றால், தொலைதூர சூப்பர்நோவாக்கள், அதாவது நட்சத்திர வெடிப்புகள், பக்கத்தில் உள்ளவை எடுத்துக்கொள்ளும் அதே நாள் கணக்கில்தான் மங்க வேண்டும். ஆனால் தூரத்தில் உள்ளவை, செம்பெயர்ச்சி எவ்வளவோ அதற்குச் சரியாகப் பொருந்தும் அளவுக்கு, மெதுவாக மங்குகின்றன. வெளி விரிந்தால்தான் அப்படி நடக்கும். அப்புறம், சிறிய நட்சத்திரங்கள் 2,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் தாராளமாக வாழக்கூடியவை. பிரபஞ்சத்துக்கு 2,670 கோடி வயது என்றால், 2,000 கோடி வயதுள்ள ஒரு கிழவராவது நம் கண்ணில் பட வேண்டாமா? ஒருவரும் இல்லை.

முதல் விஷயம்தான் சுவாரஸ்யமானது, அது இன்னும் தீரவில்லை. அந்த ஆறும் படத்தை வைத்து எடை போட்டவை. அதாவது இவ்வளவு வெளிச்சம் இருக்கிறது, எனவே இவ்வளவு நட்சத்திரங்கள், எனவே இவ்வளவு எடை. பிறகு நிறமாலை எடுத்தபோது அவற்றில் ஒன்று சொன்ன தூரத்தில் இல்லை, இன்னும் கிட்டே இருந்தது. அதன் வெளிச்சமும் நட்சத்திரங்களிலிருந்து மட்டும் வரவில்லை, நடுவில் ஒரு கருந்துளையைச் சுற்றிக் கொதிக்கும் வாயுவிலிருந்தும் வந்தது. எனக்கு வந்த அதே வினைதான் அவர்களுக்கும்.

இப்படிப்பட்ட சின்னச் சிவப்புப் புள்ளிகளை வெப் இப்போது நூற்றுக்கணக்கில் பார்த்துவிட்டது. "சின்னச் சிவப்புப் புள்ளிகள்" என்பதே அவற்றுக்கு வானியலாளர்கள் வைத்திருக்கும் பெயர். பெரும்பாலும் முதல் 150 கோடி ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றின் ஹைட்ரஜன் கோடுகள் அகலமாக இருக்கின்றன. வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றால் அப்படி ஆகும். அடர்த்தியான வாயுவைப் போர்த்திக்கொண்டு வளரும் கருந்துளைகள் என்று பலர் நினைக்கிறார்கள். கருந்துளையின் வெளிச்சத்தை நட்சத்திரக் கணக்கில் எழுதினால் எடை கூடத்தான் செய்யும்.

அவற்றைத் தள்ளிவிட்டாலும், முதல் 50 கோடி ஆண்டுகளில் பிரகாசமான கேலக்ஸிகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருக்கின்றன. நட்சத்திரங்கள் அப்போது விட்டு விட்டுக் கொத்துக் கொத்தாகப் பிறந்திருக்கலாம், தூசு குறைவாக இருந்திருக்கலாம், இன்றைக்குப் பிறப்பவற்றைவிடக் கனமான நட்சத்திரங்கள் அன்று அதிகமாக இருந்திருக்கலாம். என் பந்தயம் முதல் காரணத்தின் மேல். பிறப்பு உச்சத்தில் இருக்கும்போதுதான் கேலக்ஸி பிரகாசமாக இருக்கும், பிரகாசமானதுதான் நம் கண்ணில் முதலில் படும். கல்யாண நாளன்று மட்டும் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, தினமும் இவ்வளவு கூட்டம் என்று நினைப்பது போல. மைத்துனரிடம் சொல்லுங்கள்: ஆட்டம் கண்டிருப்பது கேலக்ஸிகள் எப்படி வளர்ந்தன என்ற நம் கணக்கு. பிரபஞ்சத்தின் பிறந்த தேதி அப்படியேதான் இருக்கிறது.

கேள்வி: ஹபிள் தொலைநோக்கி ஒன்றுமே இல்லாத இருட்டைப் பத்து நாள் படம் எடுத்ததாமே, நிஜமா? (பள்ளி மாணவி)

நிஜம்தான் அம்மா. 1995 டிசம்பரில், எழுமீன் என்று நாம் சொல்லும் சப்தரிஷிகளின் பக்கத்தில், வேண்டுமென்றே ஒரு வெற்று இடமாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஹபிள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் வில்லியம்ஸ், தன் சொந்தப் பொறுப்பில் இருந்த நேரத்தை இதற்குக் கொடுத்தார். ஒன்றும் தெரியாவிட்டால் மானம் போய்விடும் என்று எச்சரித்தவர்களும் உண்டு. 342 படங்களை ஒன்றின் மேல் ஒன்று சேர்த்தபோது, அந்த வெற்று இடத்தில் ஏறக்குறைய 3,000 கேலக்ஸிகள் இருந்தன.

கேள்வி: முதல் கேலக்ஸிகளுக்கும் முன்னால் என்ன இருந்தது? அதையும் பார்க்க முடியுமா? (வானொலிப் பழுது பார்ப்பவர்)

பெருவெடிப்புக்கு 3.8 லட்சம் ஆண்டுகளுக்குப் பின் பிரபஞ்சம் ஆறி, ஒளி தடையில்லாமல் ஓடத் தொடங்கியது. அந்த ஒளி இன்று நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. அங்கிருந்து முதல் நட்சத்திரம் பற்றிக்கொள்ளும்வரை பல கோடி ஆண்டுகள் வெறும் இருட்டு. அந்த இருட்டிலும் ஹைட்ரஜன் மட்டும் 21 சென்டிமீட்டர் அலையில் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. 1,420 மெகாஹெர்ட்ஸ்.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான பகுதி இனிமேல்தான். விரிவினால் அந்த முனகல் சுமார் 18 மடங்கு நீண்டு வந்தால், 80 மெகாஹெர்ட்ஸை ஒட்டி விழும். அதாவது எஃப்.எம். பட்டைக்குக் கொஞ்சம் கீழே. 2018இல் ஆஸ்திரேலியாவில் இருந்த எட்ஜஸ் என்ற கருவி, வானிலிருந்து வரும் வானொலி அலையின் பலத்தில் 78 மெகாஹெர்ட்ஸில் ஒரு பள்ளத்தைப் பார்த்ததாக அறிவித்தது. முதல் நட்சத்திரங்களின் தடம் என்றார்கள். பெங்களூரு ராமன் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவர்களுக்குச் சந்தேகம். ஆண்டெனாவுக்கு அடியில் இருக்கும் மண்ணும் பாறையும் ஒரே சீராக இருக்காது, அதுவே பொய்ச் சாயல் காட்டலாம். எனவே அவர்கள் தங்கள் சரஸ்-3 ஆண்டெனாவைக் கர்நாடகத்தில் ஏரித் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். தண்ணீர் எங்கே தொட்டாலும் தண்ணீர். 2022இல் வந்த முடிவு: அந்தப் பள்ளம் அங்கே இல்லை. எதைக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் "ஒன்றும் இல்லை" என்று சொல்ல ஒரு ஏரியும் இவ்வளவு உழைப்பும். எனக்கு அந்த ஆட்களை நேரில் பார்த்துக் கைகொடுக்க வேண்டும் போல இருக்கிறது.

கேள்வி: வெப் எல்லாம் சரி. வீட்டுத் தொலைநோக்கியில் அதிகபட்சம் எவ்வளவு தொலைவு பார்க்கலாம்? (புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர்)

தொலைநோக்கியே இல்லாமல் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியைப் பார்க்கலாம், 25 லட்சம் ஒளியாண்டு. நல்ல இருட்டும், எட்டு அங்குலத் தொலைநோக்கியும், பிடிவாதமும் இருந்தால் ஒரே தாவலில் அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு போய்விடலாம். கன்னி ராசியில் 3சி 273 என்று ஒரு குவாசார் இருக்கிறது. ஒரு கேலக்ஸியின் நடுவில் கருந்துளையைச் சுற்றி எரியும் வெளிச்சம். அதன் ஒளி கிளம்பி ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பிரகாசம் 13ஆம் தரத்தை ஒட்டி (தரத்தின் எண் கூடக் கூட மங்கல்).

நான் அதைப் பிடிக்க மூன்று ராத்திரி ஆயிற்று. வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிரகாசமான நட்சத்திரத்திலிருந்து அடுத்த மங்கலான நட்சத்திரத்துக்கு என்று தாவித் தாவிப் போக வேண்டும். முதல் ராத்திரி வழி தவறினேன். இரண்டாவது ராத்திரி மேகம். மூன்றாவது ராத்திரி, வரைபடத்தில் அது இருக்க வேண்டிய இடத்தில், கண்ணை நேராக வைத்தால் மறைந்து ஓரக்கண்ணால் பார்த்தால் தெரிகிற ஒரு புள்ளி இருந்தது.

என் ஆய்வகத்தில் இருபது வருஷம் சோடியம் விளக்கை ஏற்றிவைத்த உதவியாளர் அன்று வீட்டுக்கு வந்திருந்தார். பெருமையோடு கூப்பிட்டுக் காட்டினேன். வெகு நேரம் குனிந்து பார்த்தார்.

"பக்கத்துல இருக்கிற மத்த நட்சத்திரம் மாதிரியேதானே மேடம் இருக்கு?"

"பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனா அது நட்சத்திரம் இல்லை. 200 கோடி வருஷத்துப் பழைய வெளிச்சம்."

"கோட்டைப் பார்த்தீங்களா?"

1963இல் வானியலாளர் மார்ட்டின் ஷ்மிட் பார்த்திருக்கிறார், ஹைட்ரஜன் கோடுகள் எல்லாம் 16 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன என்றேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அந்த நிறமாலையின் படம் ஒரு பழைய பாடப்புத்தகத்தில் இருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு அதைத் தேட மாடிப்படி இறங்கினேன்.